புளுகுப் பண்டாரியின் சாட்சியம்

ஜூன் 10, திங்கள்

ஏழு கடல்களிலும் புகழ் நாட்டியவனும் (அவற்றில் ஆறு கடல்களை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்), மீன்குழம்புச் சக்கரவர்த்தியும், தூத்துக்குடி கடற்கரைச் சாலையின் நடமாடும் கல்வெட்டுமாகிய தொபியாஸ் மச்சாது, இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். வரலாறு எனக்கு நன்றி சொல்லட்டும். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லட்டும்.

தோணியில் சமைக்கிறவனுக்குப் பண்டாரி என்று பெயர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் முப்பது வருஷம் பண்டாரியாக இருந்தேன். என் குழம்பு கொதிக்கும்போது மீன்கள் தாமாகவே துள்ளி வந்து சட்டியில் விழும். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுத்தான் சாகும்.

என்னை எழுதச் சொன்னவள் என் அக்காள் மகள் செலஸ்டின். வக்கீல். வலைக்கடைக்கு மேல் மாடியில் ‘கப்பல், தோணி, விசைப்படகுத் தொழிலாளர் சட்ட உதவி மையம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறாள். மூட்டை விழுந்து இடுப்பு போனவர்கள், கயிறு அறுந்து கால் போனவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்காக மாடியில் ஆபீஸ் வைத்த ஒரே வக்கீல் உலகத்திலேயே என் மருமகள்தான். கேட்டால், மாடிக்குத்தான் வாடகை கம்மி என்கிறாள்.

விஷயம் இதுதான். என்னோடு ஒரே தோணியில் போன கஸ்பாருக்கு வலது கை போய்விட்டது. தோணியில் வேலை பார்க்கும்போது போனது. முதலாளி தரப்போ, அது தோணியில் நடக்கவே இல்லை, குடித்துவிட்டுக் கரையில் விழுந்தான் என்கிறது. கஸ்பார் வாழ்க்கையில் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. தோணியில் நடந்தது என்று நிரூபித்தால்தான் இழப்பீடு கிடைக்கும், செயற்கைக் கை பொருத்தலாம், குடிகாரப் பட்டமும் போகும். இரண்டு வருஷமாக இழுத்த வழக்கில் மிச்சம் இருப்பது சாட்சி விசாரணை மட்டும்.

“மாமா, நீங்க ஒருத்தர்தான் சாட்சி. மத்தவங்க எல்லாம் இன்னும் அந்த முதலாளிகிட்டதான் வேலை பாக்காங்க. வாயத் தொறக்க மாட்டாங்க.”

“நான் தொறந்தா மூட மாட்டேனே தாயி.”

“அதான் மாமா எனக்குப் பயமே.”

தினமும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமாம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சாட்சிக் கூண்டுக்குப் பழக்கமாம். புலிக்குக் கீரைக்கடைஞ்சல் ஊட்டப் பார்க்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று அடித்த காற்றில் என் நீல லுங்கி கொடியிலிருந்து பறந்து, கடலைத் தாண்டி, இலங்கைக் கரையில் ஒரு போலீஸ்காரர் முகத்தில் விழுந்தது. இரு நாட்டு உறவு பாதிக்கப்பட்டிருக்கிறது.

(செலஸ் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். திருத்தம்: லுங்கி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கிடந்தது.)

ஜூன் 14, வெள்ளி

லுங்கி துவைத்தேன். வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

இந்த உண்மை எழுதுகிற காரியம் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது. வயிறு நிறைகிறது, மனசு நிறையவில்லை.

சாயங்காலம் செலஸ் ஆபீசுக்குப் போனேன். முதலாளி தரப்பின் பெரிய ஆயுதம் எது என்று காட்டினாள். மாலே ஆஸ்பத்திரிச் சீட்டு. ‘துறைமுக மேடையில் தவறி விழுந்தார்’ என்று அதில் எழுதியிருக்கிறது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுத் துறையில் ஒருவனுக்கு அடிபட்டால், ஆஸ்பத்திரியில் ‘கரையில் விழுந்தான்’ என்றுதான் சொல்வோம். தோணியில் அடிபட்டது என்று சொன்னால் விசாரணை என்று தோணியைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும் என்று ஒரு பயம். அடிபட்டவனும் அப்படித்தான் சொல்வான். அன்றைக்குக் கஸ்பார் மயக்கத்தில் இருந்தார். எங்கள் தோணித் தலைவர், அதாவது தண்டல், வழக்கப்படியே சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

இத்தனை வருஷம் வாய் ஓயாமல் புளுகியவன், அந்த ஒரு பொய்யை மட்டும் வாயே திறக்காமல் சொல்லியிருக்கிறேன்.

வெண்டைக்காயை வீட்டில் வளர்க்கும் ஆட்டுக்குப் போட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சீலா மீன் குழம்பு வைத்தேன். அதன் வாசனைக்குத் தெருநாய்கள் ஜெபமாலை உருட்டின.

வழக்கம்போல ஒரு தூக்கு நிறையக் கஸ்பார் வீட்டுக்கு அனுப்பினேன். செலஸ் கொண்டுபோனாள்.

“நீங்களே கொண்டு போய்க் குடுத்தா என்ன மாமா? நாலு தெரு தள்ளித்தான இருக்கு?”

எனக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது.

மத்தியானமும் சாயங்காலமும் அருளப்பன் டீக்கடைக்குப் போய் வந்தேன். அது துறைமுகத்தைத் தாண்டி இருக்கிறது.

ஜூன் 19, புதன்

கை போன அன்றைக்கு நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை.

ஜூன் 20, வியாழன்

பேனா வாங்கினேன். அதற்குள் அரிசி ஊறப்போட வேண்டியதாயிற்று.

ஜூன் 21, வெள்ளி

ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு.

ஜூன் 24, திங்கள்

செலஸ் ஆபீசில் ஒத்திகை. அவள் எதிர்த் தரப்பு வக்கீலாக மாறி, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“சாட்சி, இன்னைக்குக் காலையில என்ன சாப்ட்டிய?”

“இட்லி.”

“எத்தனை?”

“அதை எண்ணி முடிக்கிறதுக்குள்ள இட்லிக்கடைக்காரனுக்குக் கல்யாணம் ஆகி, புள்ள பொறந்து...”

“மாமா!”

“அஞ்சு.”

“நல்லாருந்துச்சா?”

“அந்த இட்லிய எடுத்து நங்கூரமாப் போட்டா நடுக்கடல்ல கப்பலே நிக்கும்.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை.

“மாமா, நீங்க சொல்ற கதைய நான் சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்தவ. எனக்குப் பிடிக்கும். ஆனா அங்க நீங்க ஒரு வார்த்தை கூட்டுனா, கஸ்பார் அண்ணன் சொல்றது அத்தனையும் பொய்யாப் போயிரும். அந்த மனுசன் இப்ப வெளிய வாறதே இல்ல. யார் பாத்தாலும் குடிச்சிட்டு விழுந்தவன்னு பாக்கான்னு சொல்லுதாரு.”

ஆபீசில் தண்ணீர்ப் பானை காலியாக இருந்தது. கீழே போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். மாடிப்படி நிஜமாகவே செங்குத்து.

ஜூலை 2, செவ்வாய்

இன்று ஆணையர் அலுவலகத்தில் சாட்சி சொன்னேன்.

தொழிலாளர் இழப்பீட்டு வழக்கெல்லாம் அங்கேதான் நடக்கும். நீதிமன்றம் மாதிரி ஆடம்பரம் இல்லை. ஒரு மேஜை, பின்னால் ஆணையர் அம்மா, அவருக்குக் கடுமையான ஜலதோஷம். கஸ்பார் முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கைப் பக்கம் சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்தேன்.

செலஸ் கேட்டாள், நான் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மாலேக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். கடலில் அலை இல்லை. காலை நேரம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் போவதற்கு நங்கூரத்தை ஏற்றச் சொன்னார்கள். கஸ்பார் நங்கூரம் இழுக்கும் எந்திரமான வின்ச்சில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வின்ச்சுக்கு மேலே தகட்டு மூடி இருக்க வேண்டும். முந்தின பயணத்தில் உடைந்து கழற்றியது. திரும்ப மாட்டவில்லை. கயிறு அவர் கையைப் பிடித்தது. அவர் கத்தவில்லை. “தொபி, நிப்பாட்டு” என்றார். நான் ஓடினேன். நிறுத்துகிற பிடி எது என்று எனக்குத் தெரியாது. நான் சமையல்காரன்.

அவ்வளவுதான். ஆணையர் அம்மா மூக்கைச் சிந்தினார். அவருக்கு ஜலதோஷம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றியும் செலஸ் கேட்டாள். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அப்படிச் சொல்லாவிட்டால் கஸ்பாரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்று நினைத்தோம் என்றேன்.

பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். தங்கக் கண்ணாடி, பன்னீர் வாசம்.

“கடல் அமைதியா இருந்துச்சுங்கறீங்க. ஆனா அதே பயணத்துல மாதா கோயில் கோபுர உயரத்துக்கு அலை வந்துச்சுன்னு டீக்கடையில சொல்லியிருக்கீங்க. சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன் ஐயா.”

“அலை வந்துச்சா?”

“டீக்கடையில வந்துச்சு. கடல்ல வரல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை.

“உங்க குழம்பு வாசனைக்கு ஒரு திமிங்கலம் மூணு நாள் பின்னாலயே வந்துச்சுன்னும் சொன்னீங்க?”

“திமிங்கலம் இல்லய்யா. ஒரு ஓங்கல், டால்பின்னு சொல்வாங்கல்லா, அது. கொஞ்ச நேரந்தான் வந்துச்சு.”

“குழம்புக்கா?”

“இல்ல.”

அதைச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

“ஆக, நீங்க ஒரு பொய்யர்.”

“ஊர்ல புளுகுப் பண்டாரின்னுதான் சொல்லுவாங்க.”

அவர் சந்தோஷமாக உட்கார்ந்தார். அடுத்த முறை டீக்கடை அருளப்பனையே கூட்டி வந்து என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றப்போகிறாராம். திரும்பி வரும் பஸ்ஸில் செலஸ் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதிலிருந்தே காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 3, புதன்

டீக்கடைக்குப் போகவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே டீ போட்டேன். அமிர்தம். உண்மையாகச் சொன்னால், பால் திரிந்துவிட்டது.

வலைக்கடை வாசலில் அருளப்பனைப் பார்த்தேன். சம்மன் வந்திருக்கிறதாம்.

“அண்ணாச்சி, என்னையக் கூப்புட்டுட்டாங்க. பயமாருக்கு. என்ன சொல்லட்டும்?”

“உள்ளதச் சொல்லுல.”

“உள்ளதச் சொன்னா நீங்கல்லா மாட்டுவிய?”

“மாட்டுனா மாட்டுதேன். நீ கூட்டிக் கீட்டிச் சொல்லிராத.”

இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 17, புதன்

இன்றைய தினத்தைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். கல் இல்லாததால் பேனாவால் எழுதுகிறேன்.

அருளப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். கண்ணாடி வக்கீல் கேட்கக் கேட்க, என் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். கோபுர அலை. திமிங்கலம். மாலத்தீவுக்குப் பக்கத்தில் நான் கண்டுபிடித்து, பிறகு எங்கே வைத்தேன் என்று மறந்துபோன தீவு. என் ரசத்தைக் குடித்துத் திக்குவாய் தீர்ந்த சுங்க அதிகாரி. பயல் நன்றாகத்தான் சொன்னான், ஆனால் தீவுக் கதையில் முக்கியமான கட்டத்தை விட்டுவிட்டான். எழுந்து திருத்தலாமா என்று பார்த்தேன். செலஸ் என் காலை மிதித்தாள். ஆணையர் அம்மா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

“இந்த ஆள் சொல்றதுல ஒரு வார்த்தையாவது நம்புவீங்களா?” என்றார் கண்ணாடி வக்கீல்.

“டீ நல்லாருக்குன்னு சொன்னா நம்புவேன் சார்.”

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். செலஸ் எழுந்தாள். அவள் கையில் காகிதமே இல்லை.

“அண்ணாச்சி, அந்தப் பயணத்தப் பத்தி மாமா உங்க கடையில எத்தனை கதை சொல்லியிருப்பாரு?”

“கணக்கே இல்லம்மா. தெனமும் ஒண்ணு வரும்.”

“அதுல கஸ்பார் அண்ணன் கை எப்படிப் போச்சுன்னு ஒரு கதையாவது சொல்லியிருக்காரா?”

அருளப்பன் மேலே பார்த்து யோசித்தான்.

“இல்லம்மா.”

“ஒண்ணுகூட?”

“நானே கேட்டிருக்கேன். ஆளுங்களும் கேப்பாங்க. சுறா கடிச்சிச்சான்னு எடுத்துக்கூடக் குடுப்பாங்க. அந்தப் பேச்சு வந்தா அண்ணாச்சி டீயக் குடிக்காமயே எந்திச்சிருவாரு. மேசையில துட்ட வச்சிட்டுப் போயிருவாரு. அவரு துட்டு குடுக்கது அன்னைக்கு மட்டுந்தாம்மா.”

யாரும் சிரிக்கவில்லை. இதற்குச் சிரித்திருக்கலாம். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மூன்று இறக்கை. ஒன்றில் நூலாம்படை.

ஆணையர் அம்மா ஃபைலைக் கீழே வைத்தார். “அப்ப இவரு கதை சொல்லாத விஷயம் இது ஒண்ணுதான்?” என்று அருளப்பனிடம் கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதாம்மா.”

அதை அவர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். கண்ணாடி வக்கீல் அவசரமாக எழுந்து ஏதோ சொன்னார். குறித்துக்கொண்டதாக அம்மா சொல்லி, தும்மினார்.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். இடது கை ஒன்று என் தோளைப் பிடித்தது. திரும்பாமலே யார் என்று தெரிந்தது.

“ஏம்வே, ரெண்டு வருசமா வாராவாரம் குழம்பு வருது, குழம்பு வச்ச ஆளக் காணல. பிடி எதுன்னு தெரியாமப் போச்சே, அதுக்கா?”

ஆமாம் என்று சொன்னேனா, தலையைத்தான் ஆட்டினேனா, தெரியவில்லை.

“தண்டல் வந்து அதே பிடியத் தொங்கித் தொங்கி இழுத்தாரு. நிக்கல. அது பழுதுவே. கடைசியில இஞ்சினுக்கு டீசல அடைச்சுத்தான் நிப்பாட்டுனாங்க. அங்கதான நின்னீரு, பாக்கலியா?”

“நான் உம்ம கையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கஸ்பார் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. செலஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மனுவுலயே அது எழுதியிருக்கு மாமா. நானே உங்க கையில ஒரு பிரதி குடுத்தேன்லா?”

“அந்தப் பக்கத்த நான் படிக்கல தாயி.”

பிறகு மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். கஸ்பாருக்குப் பிய்த்துப் போட்டேன். குடியிருக்கிற வீட்டைவிடப் பெரிய பரோட்டா என்று எழுத ஆசைதான். சாதாரண பரோட்டா. நன்றாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

பாறை மீன் குழம்பு. தூக்கை நானே கொண்டுபோனேன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மருத்துவ உலகம் திகைத்து நிற்கிறது.

குழம்பில் புளி கம்மி என்றார் கஸ்பார். இரண்டு வருஷமாகவே கம்மியாம், சொல்ல ஆள் வரவில்லையாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாதா கோயில் திருவிழா முடிந்து ஊர் இன்னும் பஜ்ஜி வாசனை அடிக்கிறது. இன்று உத்தரவு வந்தது.

செலஸ் தன் ஆபீசில் எனக்கும் கஸ்பாருக்கும் நின்றுகொண்டே படித்துக் காட்டினாள். சட்டப் பிரிவுகளை எல்லாம் நாங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தோம். ‘விபத்து தோணியில், பணியின்போதே நேர்ந்தது. மனுதாரர் மது அருந்தியிருந்ததாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை’ என்று வந்ததும் கஸ்பார் இடது கையை உயர்த்தினார்.

“அத இன்னொருக்க வாசி தாயி.”

வாசித்தாள். கேட்டார்.

“சத்தமா வாசி. கீழ வலைக்கடையில ஆளு நிக்கி.”

என் மருமகள் ஜன்னலருகே போய், கடற்கரைச் சாலை முழுவதும் கேட்கும்படி வாசித்தாள். இழப்பீடு எவ்வளவு என்று கஸ்பார் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன். செயற்கைக் கை போக, கஸ்பார் மகளை நர்சிங் படிக்க வைக்கவும் போதும் என்றாள் செலஸ். முதலாளி மேல்முறையீடு போனால்?

“போகட்டும் மாமா. இதுல ஓட்டை ஒண்ணும் வச்சு எழுதல அந்த ஆணையர் அம்மா.”

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கஸ்பாரை அருளப்பன் கடைக்குக் கூட்டிப் போனேன். நடுப் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கையாலேயே டீயை ஆற்றினார். அருளப்பன் ராணுவ மரியாதை செய்யாத குறை.

வெளியூர் லாரி டிரைவர் ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, கை என்னாச்சு?” என்றான்.

நான் பழக்க தோஷத்தில் எழுந்து சட்டைப்பையில் துட்டுக்குக் கை விட்டேன். கஸ்பார் என் லுங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“எங்க ஓடுதீரு? சொல்லும்.”

“எதச் சொல்ல?”

“உள்ளத ஆபீசர் அம்மா எழுதி வாங்கியாச்சு. அது அங்க பத்திரமா இருக்கும். கடைக்குன்னு ஒண்ணு வேணும்லாவே. நாளைக்கு எவனும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வேண்டும் என்றும் சொன்னார்.

தொண்டையைச் செருமினேன். இரண்டு வருஷம் மூடிக்கிடந்த கதவு, கொஞ்சம் கிறீச்சென்றது. “தம்பி, அது ஒரு பௌர்ணமி. நடுக்கடல்ல ஒரு சுறா...”

“சுறா வேண்டாம். எல்லாவனும் சுறாதான் சொல்லுதான்.”

“சரி, நண்டு. தம்பி, அதோட ஒரு கொடுக்கு மட்டும் நம்ம கலங்கரை விளக்கம் தண்டி...”

“அதுக்கு மேல இருக்கும்வே,” என்றார் கஸ்பார். ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத மனுஷன். “ஓடு ஒண்ணே பஸ் ஸ்டாண்டு அகலம்.”

டிரைவர் டீயை மறந்துவிட்டான். “அப்புறம் நண்டு என்னாச்சு?”

நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கஸ்பார் டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, கிளாசை மேஜையில் வைத்தார்.

“என்ன ஆவும்? அண்ணாச்சி பண்டாரில்லா. குழம்பு வச்சிட்டாரு.”

அதிலும் புளி கம்மி என்று சேர்த்துச் சொன்னார். அது அபாண்டம்.